இறந்தவரின் ஆஸ்தியும் இருப்பவரின் நஷ்டமும்

பழனி மலைத்தொடரில் நிலம் என்பது சமவெளியில் கிடப்பதுபோல வரப்புக்கு வரப்பு பக்கவாட்டில் கிடப்பதன்று. ஒருவர் தோட்டத்துக்கு மேல் மற்றொருவர் தோட்டமாக, ஒருவர் கூரைக்கு மேல் மற்றொருவர் தடுப்புச் சுவராக அடுக்கி நிற்பது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் முதலிய கீழ்மலை ஊர்களில் காபியும் மிளகும் மலைவாழையும் விளையும் சரிவுகளாயினும் சரி, பூம்பாறை, மன்னவனூர் முதலிய மேல்மலை ஊர்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்களாயினும் சரி, மேலே இருப்பவருடைய அஜாக்கிரதையின் பலன் கீழே இருப்பவரிடமே வந்து சேர்கிறது. மாசி, பங்குனி மாதங்களில் புல்லும் சருகும் காய்ந்து, யூகலிப்டஸ் தோப்புகளும் சீகை மரங்களும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும் காலத்தில், தம் தோட்டத்துக் குப்பையைக் கொளுத்திய ஒருவரின் நெருப்பு எல்லை தாண்டிக் கீழ்த்தோட்டத்துக் காபிச் செடிகளையும் அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களையும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளையும் அழித்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். கொளுத்தியவர் நல்லவர், தீங்கு நினைத்தவரல்லர், சில மாதங்களில் வயோதிகத்தால் காலமாகிவிடுகிறார். நஷ்டப்பட்டவர் இப்போது அவருடைய விதவையின் பேரிலும் பிள்ளைகளின் பேரிலும் வழக்குத் தொடரலாமா என்பதே நாம் ஆராயப் புகும் கேள்வி.

ஊர்ப் பேச்சில் இக்கேள்விக்கு உடனே கிடைக்கும் பதில், போனவரோடு எல்லாம் போயிற்று என்பது. துக்க வீட்டு வாசலில் அமீனா வந்து நிற்பதைக் காணச் சகியாத இரக்கம் அந்தப் பதிலில் இருக்கிறது. அதை நான் இகழவில்லை. ஆனால் அந்த இரக்கம் ஒரு வீட்டின் துக்கத்தை மட்டுமே பார்த்து, செடி எரிந்துபோன கீழ்வீட்டின் துக்கத்தைப் பாராமல் விடுகிறது என்பதும், இறந்தவருடைய ஆஸ்தியைக் கேட்பதும் அவருடைய பிள்ளைகளைத் தண்டிப்பதும் ஒன்றே என்று தவறாகக் கொள்கிறது என்பதும் என் துணிபு. இக்குழப்பம் பாமர ஜனங்களுக்கு மட்டும் உரியதன்று. பல நூற்றாண்டுகளாகச் சட்ட நிபுணர்களையே பீடித்த குழப்பம் இது.

முதலில் ஒன்றை விலக்கிவிட வேண்டும். தற்செயலாக நேர்ந்த நஷ்டம் எல்லாவற்றுக்கும் எவரேனும் பொறுப்பாளியாக வேண்டுமென்று எந்த நியாயமும் சொல்லவில்லை. சென்னை ராஜதானியைச் சேர்ந்த கார்வேட்டிநகரம் ஜமீனில், பழைய ஏரிகள் பெருமழையால் உடைந்து ரயில்வே பாலங்களை அடித்துச் சென்றபோது, மதராஸ் ரயில்வே கம்பெனியார் ஜமீன்தார் பேரில் நஷ்ட ஈடு கேட்டுத் தொடுத்த வழக்கில், 1874-ஆம் ஆண்டு லண்டன் பிரிவி கவுன்சில், ஏரியைப் பாதுகாப்பது இந்நாட்டில் ஜனங்களின் ஜீவனத்துக்காக ஏற்பட்ட பழைய கடமையென்றும், தக்க சிரத்தையோடு அதைச் செய்துவந்த ஜமீன்தார் மழையின் செயலுக்குப் பொறுப்பல்லவென்றும் தீர்ப்பளித்தது. உயிரோடு இருக்கும் ஜமீன்தார் கொடுக்க வேண்டாத ஒன்றை இறந்துபோன ஒருவரின் ஆஸ்தி கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே, கொடைக்கானல் சரிவில் அடைமழையில் மண் இறங்கி ஒருவர் வீட்டின்மேல் விழுந்ததென்றால், மேல்நிலத்துக்காரர் தடுப்புச் சுவரை ஒழுங்காக வைத்திருந்தாரா, நீர்வடிகாலை அடைத்தாரா, மரத்தை வெட்டி மண்ணை வெறிதாக்கினாரா என்பதே முதற்கேள்வி; அவர் இருக்கிறாரா இறந்தாரா என்பது அதற்குப் பின்னரே எழ வேண்டும். தவறு இருந்து, அத்தவறு செய்தவர் இறந்துபோன நிலைமை ஒன்றுதான் நம் ஆராய்ச்சிக்கு உரியது.

அந்நிலைமையில் வழக்கும் அவரோடு இறந்துவிடும் என்பதே பண்டைய ஐரோப்பியச் சட்டத்தின் கொள்கை. ரோமாபுரியார் ஒருவருடைய பொருளுக்குச் சேதம் விளைத்தவர் கொடுக்கும் தொகையைத் தண்டனையாகவே கருதினார்கள். தண்டனை என்பது குற்றவாளியின் சரீரத்தோடு முடிவதாகையால், வாரிசு அந்தச் சேதத்தால் தாம் அடைந்த லாபத்துக்கு மட்டுமே பொறுப்பானார். ஆங்கிலேயர் இக்கொள்கையை இன்னும் கடுமையாகப் பற்றிக்கொண்டனர். 1833-இல் ஒரு சட்டம் செய்து, ஒருவர் மரணத்துக்கு முன் ஆறு மாதத்துக்குள் பிறர் சொத்துக்கு விளைத்த தீங்குக்கு மட்டும் அவருடைய மரண சாசன நிர்வாகிகளின் பேரில் வழக்குத் தொடரலாம் என்று சிறிது நெகிழ்த்தினார்கள். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும், 1883-இல், அயலார் நிலத்தடியில் திருட்டுத்தனமாக நிலக்கரி தோண்டியவர் இறந்துபோன வழக்கில், எடுத்த நிலக்கரியின் விலைக்கு ஆஸ்தி பொறுப்பாகும், அந்த நிலத்தடி வழிகளைத் தம் சௌகரியத்துக்குப் பயன்படுத்தியதற்குப் பொறுப்பாகாது என்று தீர்த்தார்கள்.

இந்த லாபக் கணக்கை நம் காபித் தோட்டத்துக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் அநியாயம் விளங்கும். மனமறிந்து திருடியவர் ஏதேனும் லாபம் அடைந்திருப்பார். அவருடைய ஆஸ்தியிலிருந்து அதைத் திரும்பப் பெறலாம். அஜாக்கிரதையால் அயலார் தோட்டத்தை எரித்தவரோ ஒரு காசும் லாபம் அடையவில்லை, எரிந்தது சாம்பலாயிற்று. ஆகவே லாபத்தை அளவுகோலாகக் கொண்டால், திருடனிடம் இழந்தவருக்காவது வழியுண்டு, விபத்தில் இழந்தவருக்கு வழியே இல்லை என்று ஆகிறது. நஷ்டப்பட்டவருடைய பக்கத்திலிருந்து பார்க்கையில் இரண்டு நஷ்டமும் நஷ்டமே. சட்டம் அவருடைய பக்கத்திலிருந்து பாராமல், இறந்தவருடைய பாவபுண்ணியக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் இக்கோணலுக்குக் காரணம்.

இங்கிலாந்தில் இதை உடைத்தது மோட்டார் வண்டி. வண்டியை அஜாக்கிரதையாக ஓட்டியவர் அதே விபத்தில் தாமும் இறந்துபோனால், அடிபட்டவருக்கும் சொத்து இழந்தவருக்கும் கேட்க ஆளில்லாமற்போயிற்று. அவர் இன்ஷூரன்ஸ் செய்திருந்தும் பயனில்லை. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் அவதூறு போன்ற சிலவற்றை ஒதுக்கிவிட்டு, ஏனைய வழக்குகள் இறந்தவரின் ஆஸ்தியின் பேரில் உயிரோடிருக்கும் என்று விதித்தது.

நம் நாட்டின் பழைய தர்மசாஸ்திரம் இதே பிரச்சினையை வேறொரு வாசலால் அணுகியது. அதற்குக் கடன் என்பது வெறும் பணக்கணக்கு அன்று. தீர்க்காமல் இறந்தவரின் பரகதியைப் பாதிக்கும் பந்தம். ஆகவே தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனுக்குப் புண்ணியக் கடமை ஆயிற்று. ஆயினும், மிதாக்ஷரம் இயற்றிய விஞ்ஞானேசுவரரும் அவருக்கு முற்பட்ட ஸ்மிருதிகாரர்களும் மகன் தலையில் எல்லாவற்றையும் சுமத்திவிடவில்லை. குடிக்காகவும் சூதுக்காகவும் காமத்துக்காகவும் பட்ட கடனும், செலுத்தாமல் விட்ட அபராதமும் சுங்கமும் மகனைச் சேரா என்று விலக்கினார்கள். அபராதத்தை விலக்கியது கவனிக்கத்தக்கது: தண்டனை பிதாவோடு போகும், பிறருக்குத் தரவேண்டியது போகாது என்ற பேதம் அதிலே அடங்கியிருக்கிறது. பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் இப்பேதத்தைச் சரிவரக் கையாளவில்லை என்றே தோன்றுகிறது. தந்தையின் அஜாக்கிரதையாலோ அத்துமீறலாலோ ஏற்பட்ட நஷ்ட ஈடு எந்த வகுப்பைச் சேரும் என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிவகிரி ஜமீன் சம்பந்தமான வழக்கில், 1882-இல், தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த ஜமீன் தந்தையின் கடனுக்கு ஈடாகும் என்று பிரிவி கவுன்சில் தீர்த்தது, பூர்வீகச் சொத்தைக் காட்டிக் கடன்காரரைத் திருப்பியனுப்ப முடியாதென்பதை உறுதியாக்கிற்று. இந்தப் புண்ணியக் கடமையை மட்டும் ஆதாரமாகக் கொண்டு மகன் பேரிலோ பேரன் பேரிலோ நடவடிக்கை எடுக்க முடியாதபடி, 2005-ஆம் ஆண்டின் ஹிந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் செய்துவிட்டது. அச்சட்டத்துக்குப் பின் பட்ட கடனுக்கே இது பொருந்தும். முஸ்லிம்களின் சட்டமோ ஆதிமுதலே தெளிவாக இருந்தது: அடக்கச் செலவு, அதன்பின் கடன், அதன்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத மரண சாசனம், எஞ்சியதுதான் வாரிசுகளுக்கு. வாரிசு என்பவர் எஞ்சியதை அடைபவர் என்ற இந்த எண்ணமே இப்பிரச்சினை முழுவதற்கும் திறவுகோல் என்று எனக்குப் படுகிறது.

ஏனெனில், எஞ்சியதை அடைபவருக்கு எஞ்சாததைக் கேட்க உரிமையில்லை. இறந்தவர் வங்கியில் பட்ட கடனைக் கழித்துக்கொண்டே அவருடைய பிள்ளைகள் தோட்டத்தைப் பெறுகிறார்கள். அதில் எவரும் அநியாயம் காணவில்லை. கடன் கொடுத்த வங்கி, ஆபத்தை அறிந்து, வட்டி வைத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தது. கீழ்த்தோட்டத்துக்காரரோ எதையும் அறியாமல், எதற்கும் சம்மதியாமல், வட்டியில்லாமல் தம் தோட்டத்தை இழந்தவர். வங்கிக்கு உள்ள நியாயம் இவருக்கு இல்லையென்றால் அது தலைகீழான நியாயம்.

இந்தியாவின் இன்றைய சட்டம் இந்தத் திசையிலேயே நிற்கிறது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 306-ஆவது பிரிவு, அவதூறு, தாக்குதல், மரணத்தில் முடியாத சரீர காயம் முதலிய சிலவற்றை விலக்கி, மற்ற வழக்குரிமைகள் இறந்தவரின் நிர்வாகிகளுக்கும் அவர்களுக்கு எதிராகவும் தொடரும் என்கிறது. சொத்துச் சேதம் விலக்குகளில் இல்லை. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 50, 52-ஆம் பிரிவுகளில் மிக முக்கியமான வரம்பு ஒன்றை இடுகிறது: இறந்தவரிடமிருந்து கைக்கு வந்த சொத்தின் அளவுக்கே சட்டப் பிரதிநிதி பொறுப்பு, அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது. வந்த சொத்தை எங்கே செலவிட்டார் என்று கணக்குக் காட்டத் தவறினால் மாத்திரமே அந்த அளவுக்கு அவர் கைப்பொறுப்பு ஏற்க நேரிடும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் உழைத்துச் சேர்த்த மகனின் சேமிப்பை, தந்தை கொளுத்திய நெருப்புக்காக எவரும் ஜப்தி செய்ய முடியாது. மேலும் அதே சட்டத்தின் 60-ஆவது பிரிவு, விவசாயி குடியிருக்கும் வீட்டையும், உழவுக் கருவியையும், சமையல் பாத்திரத்தையும், பயிர் செய்யத் தேவையான மாட்டையும் விதையையும் ஜப்தியிலிருந்து காக்கிறது. மரண சாசன நிர்வாகம் நடக்கும் ஆஸ்திகளில், அடக்கச் செலவும் நிர்வாகச் செலவும் போக, இறப்புக்கு முந்திய மூன்று மாதத்துக் கூலிபாக்கி தொழிலாளிக்கும் வீட்டு வேலையாளுக்கும் மற்றக் கடன்களுக்கு முன்பாகக் கொடுக்கப்பட வேண்டும் என்று வாரிசுரிமைச் சட்டம் வகுத்திருப்பது, கொடைக்கானலின் பழைய பங்களாக்களில் தலைமுறையாகத் தோட்டவேலை செய்தவர்களை நினைக்கும்போது மனத்துக்கு நிறைவளிக்கிறது.

இவ்வளவும் ஒருபுறமிருக்க, எதிர்வாதத்தில் உண்மையான பலமுள்ளது ஒன்று உண்டு: இறந்தவர் சாட்சிக் கூண்டில் ஏற முடியாது. நெருப்பு எப்படிப் பரவிற்று, தீத்தடுப்புக்காக எல்லையில் புல்லைச் சீவிவைத்தாரா, காற்று திடீரென்று திரும்பிற்றா என்பதையெல்லாம் அவரே சொல்லக்கூடும். பிள்ளைகள் அப்போது கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருந்திருப்பார்கள். குற்றம் சாட்டுகிறவர் உயிரோடும், சாட்டப்பட்டவர் மௌனமாகவும் இருக்கும் வழக்கில் தராசு ஒருபுறம் சாய்வது இயல்பு. ஆனால் இதற்குப் பரிகாரம் வழக்கையே மூடிவிடுவதன்று; நிரூபிக்கும் பாரத்தை வாதியின் தலையில் உறுதியாக வைத்திருப்பதும், இறந்தவர் வாழ்ந்த காலத்தில் தமக்கே பாதகமாகச் சொல்லியிருந்த சொற்களை மட்டும் தக்க எச்சரிக்கையோடு ஏற்பதும்தான். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தம் பொருள் நலனுக்கு விரோதமாக இறந்தவர் சொன்னதைச் சாட்சியமாக ஏற்றது. அதற்குப் பதிலாக வந்த சட்டமும் அதைக் கைவிடவில்லை. தவிரவும், மலையூர்களில் தீ விபத்து இரகசியமாக நேர்வதன்று. ஊரே கூடி அணைத்த நெருப்புக்கு ஊரே சாட்சி.

சட்டம் தவறியிருப்பது வேறோரிடத்தில். 1833-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து இந்நாட்டில் 1855-இல் செய்த சட்டப் பிரதிநிதிகள் வழக்குச் சட்டம், இறந்தவர் தம் மரணத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் செய்த தீங்குக்கு மட்டுமே அவருடைய வாரிசுகள் பேரில் வழக்குத் தொடர இடங்கொடுத்தது. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய எல்லை இல்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது வக்கீல்கள் வாதாட வேண்டிய இடைவெளி ஒன்று உண்டாகிறது. அந்த ஓராண்டு எல்லையை மலைவாழ்வோடு வைத்துப் பார்த்தால் அது யாரைத் தண்டிக்கிறதென்பது தெரியும். தோட்டம் எரிந்த மறுவாரமே முன்சீப் கோர்ட்டுக்கு ஓடுபவர் அதனால் பாதிக்கப்படுவதில்லை. அண்டைவீட்டுக்காரராயிற்றே என்று பொறுத்து, அடுத்த காபி அறுவடை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்ற வார்த்தையை நம்பிக் காத்திருப்பவரே பாதிக்கப்படுகிறார். புதிதாக நட்ட காபிச் செடி பலன் தர மூன்று நான்கு ஆண்டுகளாகும்; எரிந்த மரத்தில் எது துளிர்க்கும், எது பட்டுப்போகும் என்பதே ஓராண்டில் முற்றிலும் தெரியாது. மேல்தோட்டத்துக்காரர் பதினோராவது மாதத்தில் இறந்தால் உரிமையுண்டு, பதின்மூன்றாவது மாதத்தில் இறந்தால் இல்லை என்பது பொறுமைக்கு விதித்த அபராதம். வாரிசுகளுக்கும் நிச்சயம் வேண்டுமென்பது மெய். அதற்குக் காலவரையறைச் சட்டத்தின் மூன்றாண்டே போதுமானது.

பட்டா விஷயமும் அதேபோல் வருந்தத்தக்கது. மலையூர்களில் பாட்டனார் பெயரிலேயே பட்டா நிற்பதும், வாரிசுச் சான்றிதழ் வாங்கப்படாமலே பிள்ளைகள் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து அனுபவிப்பதும் சாதாரணம். இறந்துபோனவர் பேரிலேயே தாக்கல் செய்த வழக்கு செல்லாது. வழக்கு நடக்கும்போதே பிரதிவாதி இறந்தால் தொண்ணூறு நாளைக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். எந்த மகளுக்குப் பாகம் கொடுக்கப்பட்டது, எந்தப் பேரன் கையில் எந்தப் படிக்கட்டு நிலம் உள்ளது என்று தெரியாத வாதிக்கு இது பெரும் பாரம். தம் கைக்கு ஒன்றும் வராமலே சம்மன் பெறும் மகளுக்கு அதைவிடப் பெரும் பாரம்.

மலைப்பாதை விபத்துகளில் மட்டும் நிலைமை சற்றுத் தேறியிருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலையின் வளைவொன்றில் கட்டுப்பாடிழந்த கார் ஒரு வீட்டின்மேல் விழுந்து, ஓட்டிவந்த உரிமையாளர் பிற்பாடு ஆஸ்பத்திரியில் இறந்தாரென்றாலும், நிகழ்ச்சிக்குப் பின் நேர்ந்த அவருடைய மரணம் அவருடைய ஆஸ்தியின் பேரிலோ இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பேரிலோ உள்ள உரிமையைத் தடுக்காது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 155-ஆவது பிரிவில் சொல்கிறது. அச்சட்டம் இயற்றப்பட்டபோது மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்குக் கட்டாயமாக்கிய தொகை வெறும் 6,000 ரூபாயாக இருந்தது. ஆயினும் வழக்கமான கார் பாலிசிகள் ஏழரை லட்சம் வரை ஈடு தருகின்றன. விதவையின் கைப்பொருளைத் தொடாமல் வீடிழந்தவர் வீடு கட்டிக்கொள்ள இதனால் ஏலுகிறது. தோட்டத்து நெருப்புக்கும் தடுப்புச் சுவருக்கும் இத்தகைய கட்டாய ஈடு எதுவும் இல்லை.

தண்டனைக்கும் ஈட்டுக்கும் உள்ள பேதம் நம் காலத்திலும் ஒரு பெரிய வழக்கில் வெளிப்பட்டது. முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-ஆம் தேதி காலமானார்; சொத்துக்குவிப்பு வழக்கின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் தீர்ப்பளித்தபோது, அவரைப் பொறுத்தவரையில் மேல்முறையீடு அற்றுப்போயிற்று என்றது; விசாரணை நீதிமன்றம் விதித்திருந்த நூறு கோடி ரூபாய் அபராதத்தை அவருடைய ஆஸ்தியிலிருந்து வசூலிக்கக் கோரிய கர்நாடக அரசின் மறுஆய்வு மனுவும் தள்ளுபடியாயிற்று. முடிவாக உறுதிப்படாத தண்டனை மரணத்தோடு நிற்பது சரியே. எரிந்த தோட்டத்துக்கான ஈடு தண்டனையன்று. அதைக் கேட்பவர் அரசாங்கமுமன்று.

இதற்கு நேர்மாறாக, சாவே இல்லாத பிரதிவாதிகளும் உண்டு. கொடைக்கானலில் 1980-களில் பாண்ட்ஸ் கம்பெனி தொடங்கி, பிற்பாடு ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. கழிவு மண்ணிற் கலந்த விவகாரமும், தொழிலாளர் தேகநலம் பற்றிய வழக்கும் ஆண்டுக்கணக்கில் நீடித்து, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. கம்பெனி ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறியதால் பொறுப்புப் போயிற்று என்று எவரும் சொல்லவில்லை. சொத்தோடு பொறுப்பும் வந்ததென்றே எல்லாரும் எண்ணினார்கள். கம்பெனிக்குப் பொருந்துகிற இந்த எண்ணம் குடும்பத்துக்கு ஏன் கடுமையாகப் படுகிறதென்றால், குடும்பத்தில் சொத்தோடு துக்கமும் சேர்ந்து வருகிறது. அத்துக்கத்துக்கு மதிப்பளித்துச் சிறிது காலம் வழக்கை நிறுத்திவைக்கலாம்; உரிமையையே அழிக்கலாகாது.

வழக்குத் தொடுப்பவர் யார் என்பதும் என் மனத்தில் நியாயத்தின் கனத்தை மாற்றுகிறது. கீழ்த்தோட்டத்துக்காரர் தம் வீட்டை இன்ஷூர் செய்திருந்து, கம்பெனி அவருக்கு ஈடு கொடுத்துவிட்டால், அக்கம்பெனி அவருடைய ஸ்தானத்தில் நின்று மேல்தோட்டத்து ஆஸ்தியின் பேரில் வழக்கிடச் சட்டம் அனுமதிக்கிறது. பிரீமியம் வாங்கிக்கொண்டு அதே ஆபத்தை ஏற்றது அக்கம்பெனி; நஷ்டத்தை ஆயிரம் பேர் மேல் பரப்பக்கூடியதும் அதுவே. ஆஸ்தி பெரிய பங்களாவும் எஸ்டேட்டுமாக இருந்தால் அது கேட்பதில் குறை சொல்ல மாட்டேன். இரண்டு ஏக்கர் மலைவாழை மட்டும் விட்டுச்சென்ற விவசாயியின் ஆஸ்தியில், எஞ்சியதைப் பிள்ளைகளுக்கு விட்டு அக்கம்பெனி ஒதுங்கிக்கொள்ளச் சட்டமே ஒரு தொகை எல்லையை வகுக்க வேண்டும்.